சுவரில் மாட்டிய ஆறுதல்கள்

இந்தத் தடவை யாரைச் சாகடிக்கச் சொல்வாரோ என்று நினைத்தபடியே அவள் பேனாவுக்கு மை நிரப்பினாள்.

பிரபல எழுத்தாளர்கள் கையெழுத்திட்ட கடிதங்களைச் சேர்ப்பது கணவருக்குப் பொழுதுபோக்காகத் தொடங்கிப் பித்தாக முற்றியிருந்தது. பாராட்டி எழுதினால் உதவியாளர் அச்சடித்த அட்டையை அனுப்பிவிடுவார். துக்கத்தைச் சொல்லி எழுதினால் எழுத்தாளரே உட்கார்ந்து, தன் கைப்பட, முழுப்பெயர் போட்டுப் பதில் எழுதுவார். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பெண் கையெழுத்தென்றால் மனம் இளகுமாம். யார் யார் பெயரிலோ, பிறக்காத மகனை ஆற்றில் பறிகொடுத்தாள். தங்கைக்குப் புற்றுநோய் என்று எழுதினாள். போன வருடம் அவளுடைய தங்கைக்கு நிஜமாகவே மார்பில் கட்டி வந்தது. "தற்செயல்" என்றார் கணவர்.

அந்த மகனுக்காக வந்த பதிலை மட்டும் அவள் தனியாக எடுத்துப் படிப்பாள். "அவன் பெயரை இன்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்" என்று ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தார். படித்த அன்று அவளும் அந்தப் பெயரைச் சொல்லி அழுதாள். யாருக்காக என்று யாரிடம் சொல்வது?

கூடத்துச் சுவரில், மாட்டியிருந்த கடிதங்களுக்கு நடுவே, ஃபிரேம் கடைக்காரர் புது ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, எழவே விழாத வீட்ல செவுரு பூரா ஆறுதலாத் தொங்குது!"

"நீ வாய மூடிட்டு ஆணிய நேரா அடிப்பா" என்று சிரித்தார் கணவர்.

கடைக்காரர் காலி ஃபிரேமை மாட்டிவிட்டுப் போனார். கணவர் நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்த எழுத்தாளரு லேசுல மசியற ஆளில்ல. யாருக்குமே பதில் போடமாட்டாரு. அவரு பெத்த பொண்ணு தற்கொலை பண்ணிக்கிட்டா. அதனால, சாகப்போறேன்னு எழுதறவங்களுக்கு மட்டும் உடனே எழுதுவாராம். ம், எழுதிக்கோ. 'இனி என்னால் இருக்க முடியாது. முடிவு செய்துவிட்டேன்.'"

எழுதினாள்.

"'என் கணவர் நல்லவர். என் முடிவுக்கு அவர் காரணம் இல்லை.'"

பேனா நின்றது. "அது எதுக்குங்க?"

"அப்பதாம்மா நிஜம் மாதிரி இருக்கும்."

அதையும் எழுதினாள். "என்ன பேரு போடறது?"

"உன் பேரையே போடு. வீட்டு விலாசத்தையும் போடு. அவரு ஆள் வெச்சு விசாரிப்பாராம். தேதி மட்டும் போடாத. அப்படியே இன்னொரு காப்பியும் எழுதிக் குடு, எங்கிட்ட இருக்கட்டும்."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கெட்ட எண்ணம் எதுவும் தென்படவில்லை. ஃபிரேமுக்கு நிறம் பார்க்கும்போது இருக்கும் அதே ஆசைதான் இருந்தது. அடுத்தவர் பெயரில் எழுதிய நோயே வழி கண்டுபிடித்துத் தங்கையிடம் வந்துவிட்டது. இந்தச் சாவு வழி தேட வேண்டியதுகூட இல்லை. எழுத்து அவளுடையது, விலாசம் அவளுடையது. அடியில் பெயர் விழுந்தால் போதும். பிறகு அந்தக் காப்பி அவர் அலமாரியில் நாள் பார்த்துக் காத்திருக்கும்.

"என்ன யோசனை? சட்டுனு போடும்மா, தபால் போயிடும்."

"இதுல நான் கையெழுத்துப் போடலீங்க."

"அட, ஒரு பேருதானே!"

"ஆமாங்க."

அவர் கையை நீட்டினார். அவள் காகிதத்தை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். நீட்டிய கை அப்படியே இருந்தது. அவள் தரவில்லை.