ராகேல் உறங்கிய மெத்தை

ஈஞ்சக்கல் பைபாஸ் ஓரத்து மெத்தைக் கடையில், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, ராகேல் முழங்காலிட்டாள். செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டிருந்தாள்; போட்டுக்கொண்டே வரலாம் என்று கடைக்காரி இரண்டு தடவை சொல்லியும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டு, இரண்டு முழங்கைகளையும் மெத்தையின் விளிம்பில் ஊன்றி, விரல்களைக் கோத்துக் கண்ணை மூடினாள். பரிசோதனைதான், ஜெபம் இல்லை. ஆனாலும் அந்த நிலைக்கு வந்துவிட்டால் ஆண்டவரிடம் இரண்டு வார்த்தை பேசாமல் அவளால் எழுந்திருக்க முடியாது என்பது அவள் புருஷன் ஞானையனுக்குத் தெரியும். ஆகவே அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றார்.

கடைக்காரி பத்மஜா கிழக்கேகோட்டை அக்கிரகாரத்துப் பெண். இவர்கள் பேசிய தமிழ் காதில் விழுந்ததும் மலையாளத்தை ஒதுக்கிவிட்டுத் தன் வீட்டுத் தமிழுக்கு வந்துவிட்டாள். பதினெட்டு வருஷமாக மெத்தை விற்கிறாள். குதித்துப் பார்ப்பவர்கள், முகர்ந்து பார்ப்பவர்கள், கைக்குழந்தையை நடுவில் உருட்டிவிட்டுப் பார்ப்பவர்கள் எல்லாரையும் பார்த்தாயிற்று. முழங்காலிட்டுப் பார்க்கிறவளை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

இவர்கள் ஊரான பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைக் குடும்பங்களில் கட்டில் படுப்பதற்கு மட்டும் உள்ளதல்ல. கட்டிலோரம் முழங்காலிட்டு, மெத்தைமேல் முழங்கை ஊன்றி ஜெபித்துவிட்டுத்தான் ஏறிப் படுப்பார்கள். வீட்டிலிருந்த தென்னைநார்க் கயர் மெத்தை நடுவில் குழிந்து தோணிபோல ஆகிவிட்டாலும் விளிம்பு மட்டும் அசையாமல் நின்றது. இந்த மெமரி ஃபோம் மெத்தையிலோ ராகேலின் முழங்கைகள் பாதிக்குமேல் உள்ளே போய்விட்டன. அவள் எழுந்த பிறகும் இரண்டு குழிகள் அப்படியே இருந்தன. குனிந்து பார்த்தாள். ஞானையனும் குனிந்தார். குழிகள் கொஞ்சமும் அவசரப்படாமல், கல்லில் ஆப்பம் உப்பி வருவதுபோல மெல்ல மேலேறி, கடைசியில் அங்கே யாரும் கை வைத்ததே இல்லை என்பதுபோல ஆகிவிட்டன. இப்படியொன்றைச் செய்து வைத்த மனுஷனின் மூளையை நினைத்து ஞானையனுக்கு மலைப்பாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் கிடந்தது ஹைப்ரிட். அடியில் ஸ்பிரிங்குகள், மேலே ஃபோம். அதில் முழங்கை திடமாக நின்றது. அந்த நிமிஷமே ராகேல் தீர்மானித்துவிட்டாள்.

மகன் அபின் சொல்லி அனுப்பியது வேறு. கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை பார்க்கிற அவன், ஒரு வாரம் இரண்டு மெத்தைகளையும் பற்றித் துருவித் துருவிப் படித்துவிட்டு, மெமரி ஃபோமே நல்லது என்று முடிவு கட்டியிருந்தான். அதில் ஒருவர் புரண்டால் மற்றவருக்குத் தெரியாதாம். பத்மஜாவும் அதைத்தான் பெருமையாகக் காட்டினாள். ஃபோமின் ஒரு பக்கத்தில் தண்ணீர் நிறைந்த கண்ணாடித் தம்ளரை வைத்துவிட்டு, மறுபக்கத்தில் ஞானையனைத் தொப்பென்று உட்காரச் சொன்னாள். தண்ணீரில் ஒரு வளையம்கூட எழவில்லை. ராகேல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் தானே எடுத்துப் போய் ஹைப்ரிட்டில் வைத்து, அவரை அங்கேயும் உட்காரச் சொன்னாள். தண்ணீர் தளும்பி விளிம்பில் ஒரு சொட்டு வழிந்தது.

"இது போதும்" என்றாள்.

பத்மஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் தளும்புவது குறை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள் என்று விளக்க ஆரம்பித்தாள். ராகேல் புருஷனைக் கண்ணால் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"இவியளுக்கு வலிப்பு உண்டும். உறக்கத்துலதான் வரும். இவிய ஒண்ணு அனங்கினா, அசைஞ்சா எனக்கு அறியணும்."

ஞானையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கம்பி கட்டும் மேஸ்திரியாக இருந்தவர். பதினோரு வருஷத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து இது தொடங்கியது. மாத்திரை சாப்பிட்டாலும் இரண்டு மாதத்துக்கொரு முறையாவது வந்துவிடும். அவருக்கு எதுவும் நினைவிருக்காது. காலையில் நாக்கு கடிபட்டு வலிக்கும்; ராகேல் ஒன்றும் நடக்காததுபோலக் காப்பி கொண்டுவருவாள். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. மேலே ஏறி வேலை செய்யக்கூடாது என்று மருத்துவர் சொன்னதால் இப்போது பாலராமபுரத்தில் ஒரு கம்பிக் கடையில் எடை போடுகிறார்.

ஆனால் மெத்தை வாங்க வந்தது அவருக்காக அல்ல. போன மாதம் ராகேல் பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே உறங்கி, சாலையில் விழுந்துவிட்டாள். வந்த ஆட்டோக்காரன் பிரேக் பிடித்ததால் தப்பினாள். இரவில் எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, அப்படிக் கணக்கொன்றும் கிடையாது என்று சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. ரத்த அழுத்தச் சீட்டைக் காட்டி, இப்படியே போனால் உங்கள் மனைவிதான் முதலில் போவாள் என்று ஞானையனிடம் மலையாளத்தில் முகத்துக்கு நேரே சொன்னார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஃபோம்தான் வேண்டும் என்று மனதுக்குள் உறுதியாக இருந்தார். ஆனால் முப்பத்திரண்டு வருஷத்தில் ராகேலிடம் அவர் ஜெயித்த வாதம் ஒன்றுகூட இல்லை.

வழி திறந்துவிட்டவள் பத்மஜாதான். எதுவானாலும் கால் மணி நேரம் படுத்துப் பார்க்காமல் பில் போடமாட்டாளாம். இரண்டிலும் படுத்தாக வேண்டுமாம். ராகேலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் ஃபோமில் சுவரைப் பார்த்து, கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, யாரோ அடிக்க வருவதுபோலக் குறுகிப் படுத்தாள். மெத்தை அவளை வாங்கிக்கொண்டது. அவள் கடையின் கூரையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நின்றுவிட்டது.

ஞானையன் மறுபக்கம் சுற்றிப்போய்ப் பார்த்தார். உறங்கிவிட்டிருந்தாள்.

அவர் அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதினோரு வருஷத்தில் அவள் உறங்கி அவர் பார்த்ததே இல்லை. அவர் எப்போது விழித்தாலும் அவளுடைய இரண்டு கண்களும் அங்கே திறந்திருக்கும். இப்போது அவளுடைய வாய் லேசாகத் திறந்திருந்தது. புருவங்களுக்கு நடுவே நிரந்தரமாக இருந்த மடிப்பைக் காணோம். அது வயசோடு வந்தது என்றே அவர் நினைத்திருந்தார். கைப்பையை இறுக்கியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. பக்கத்து விமான நிலையத்தில் இறங்க வந்த விமானம் ஒன்று கடையின் கண்ணாடிகள் அதிர மேலே போனது. அவள் இமைகூட அசையவில்லை. இத்தனை உறக்கம் இந்தச் சின்ன உடம்புக்குள் இத்தனை காலம் எங்கே அடைத்துக் கிடந்தது என்று அவருக்குப் பயமே வந்துவிட்டது. தன்னால் வந்த வினை என்ற குற்றவுணர்ச்சிகூடப் பிறகுதான் வந்தது; முதலில் வந்தது பிரமிப்பு.

கால் மணி முக்கால் மணியாயிற்று. பத்மஜா ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டாள். புதிதாக வந்த ஒரு குடும்பத்தை உதட்டில் விரல் வைத்து அந்தக் கோடிக்கு அனுப்பினாள். பிறகு ஆர்டர் புத்தகத்தோடு மெல்ல வந்தாள்.

"எழுப்ப வேண்டாம் சார். எதுன்னு மட்டும் சொல்லுங்கோ, எழுதிக்கறேன்."

ஃபோம் என்ற ஒரு வார்த்தைதான். விழித்தபின் ராகேல் என்ன கத்தினாலும் பில் பில்தான். ஆனால் தன் ஆட்டம் அவளை எழுப்புமா என்று முதலில் தெரிந்தாக வேண்டும். அவர் எழுந்து, தான் கொஞ்சம் ஆடிப் பார்க்கப் போவதாகவும் பயப்படக்கூடாது என்றும் பத்மஜாவிடம் கிசுகிசுத்துவிட்டு, மெத்தையின் மறுபாதியில் ஏறி மல்லாந்து படுத்தார்.

தன் வலிப்பை அவர் கண்டதில்லை. அபின் ஒரு தடவை அழுதுகொண்டே சொன்னதை வைத்துத்தான் தெரியும். அதன்படி காலை உதறினார். கையால் மெத்தையை அடித்தார். உடம்பை விறைத்துக் குலுக்கினார். பத்மஜா புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். எல்லாவற்றையும் ஃபோம் விழுங்கிவிட்டது. ராகேலின் காதோரத்து முடிகூட ஆடவில்லை.

முதலில் சந்தோஷம் வந்தது. இனி இவள் உறங்குவாள். அடுத்த நொடியே பயம் வந்தது. இந்த மெத்தையில் அவருக்கு என்ன வந்தாலும் அவர் தனியாகத்தான் கிடப்பார். ஒரு முழம் தள்ளி இவள் சுகமாக உறங்குவாள். அதைத்தானே கேட்டு வந்தோம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். ஆனாலும் பயம் பயம்தான். அப்படியே ஆடாமல் அசையாமல், மூச்சு விடவும் மறந்து கிடந்தார்.

அப்போது ராகேல் புரண்டாள். கண் திறக்கவில்லை. ஒரு கை மட்டும் மெத்தைமேல் தேடிக்கொண்டு வந்து அவர் நெஞ்சில் படிந்தது. அங்கே ஒரு கணம் காத்தது. பிறகு தோளுக்கு ஏறி, அவரைத் தன் பக்கமாக இழுத்துச் சரிக்க ஆரம்பித்தது. சின்னக் கைதான். ஆனால் எங்கே பிடிக்க வேண்டும், எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது. இன்னொரு கை அவர் தலைக்கடியில் புகுந்து கன்னத்தைத் தாங்கியது.

"ஒண்ணுமில்ல" என்றாள் உறக்கத்துக்குள்ளிருந்து. "சரிஞ்சு படுங்க. நான் இஞ்சதான் இருக்கேன்."

எத்தனையோ தடவை இந்தக் கைகள் அவரிடம் வந்திருக்கின்றன. அப்போதெல்லாம் அவர் நினைவோடு அங்கே இருந்ததில்லை. இவ்வளவு ஆட்டத்துக்கும் எழாதவள், அவர் மூச்சு நின்றதும் வந்துவிட்டாள். வலிப்பில் ஆட்டத்துக்கு முன்னால் மூச்சு நிற்கும்போலிருக்கிறது; அதற்குத்தான் அவள் காது காத்துக் கிடக்கிறது. அது அவளுக்கே தெரியுமோ என்னவோ. ஞானையனின் கண்களிலிருந்து வழிந்தது அவள் உள்ளங்கையில் இறங்கியது.

பத்மஜா ஆர்டர் புத்தகத்தை மூடிக்கொண்டாள்.

ஞானையன் மெல்ல மூச்சை விட்டார். தோளைப் பிடித்திருந்த விரல்கள் அதைக் கேட்டுவிட்டுத் தளர்ந்தன. பிறகு அந்தக் கை அவர் விலாவில் இறங்கிப் படுத்துக்கொண்டது. அவர் மூச்சு இழுக்கும்போது ஏறவும், விடும்போது இறங்கவும் தொடங்கியது.