தூங்கிவிட்டதாக ஒரு கையெழுத்து

கிழக்கு வெளுக்கும் முன்பே கிரஷர் அரைக்கத் தொடங்கிவிடும். பெல்ட்டிலிருந்து ஜல்லி விழுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. கல்தூசி பனி மாதிரி இறங்கிப் புருவத்தில் ஒட்டும். காறித் துப்பினால் எச்சில் சாம்பல் நிறத்தில் விழும். இருபது வருஷமாக அந்த எச்சிலைத்தான் துப்பிக்கொண்டிருந்தான் மூக்காண்டி.

அன்றைக்கும் லோடு ஏறுமுன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டிப்பருக்கு அடியில் ஊர்ந்துபோனான். பன்னிரண்டு சக்கர வண்டி. இடதுபக்கப் பின்சக்கரங்களில் பிரேக் லைனர் தேய்ந்து தகடு தெரிந்தது. காற்றுக் குழாயில் மெல்லிய சீறல். கையை வைத்துப் பார்த்தான். உள்ளங்கையில் காற்று ஊதியது. எழுந்து வந்து, எடைமேடைக்குப் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் சாம்ராஜின் காதருகே கத்தினான்.

"இடது பக்கம் பிரேக் சுத்தமா பிடிக்க மாட்டேங்கு. மூணு நாளா சொல்லுதேன்."

"நானும் மூணு நாளா முதலாளி அண்ணாச்சிட்ட சொல்லிட்டுத்தான் இருக்கேன் வே. சாயங்காலம் பட்டறைக்கு விட்டுருவோம்னு சொல்லுதாவ."

"நேத்தும் அதத்தான சொன்னீரு."

சாம்ராஜ் கிரஷரின் மூலையைப் பார்த்தான். அங்கே வேப்பமரத்தடியில் லிங்கேஷ் உட்கார்ந்திருந்தான். வழுக்கை டயரோடு வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொன்ன டிரைவர். ஒன்பது நாளாக அவனுக்கு வண்டி கொடுக்கவில்லை. காலையில் வருவான், அந்தி வரை உட்கார்ந்திருப்பான், போவான். வேலையை விட்டு நிறுத்தியதாக யாரும் சொல்லவில்லை. எல்லோரும் பார்க்கும்படி அவனை அங்கே வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மூக்காண்டியும் பார்த்தான். பிறகு ஏறி வண்டியை ஜேசிபிக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினான். அனுமதிச் சீட்டில் இருந்த எடைக்கு மேல் பத்து டன் ஏறியது. வண்டி முனகிக்கொண்டு தாழ்ந்தது.

சங்கரன்கோவிலைத் தாண்டி ராஜபாளையம் ரோட்டில் ஏறியபோது வெயில் இன்னும் வரவில்லை. அந்தப் பக்கம் எங்கோ நாலுவழிச் சாலை போடுகிறார்கள், அதற்குத்தான் ஜல்லி. போகிற சாலையோ கிழிந்த பாயாகக் கிடந்தது. மேலக்கரிசல் ஊருக்குப் பிரியும் விலக்கில் குடிதண்ணீர்க் குழாய்க்காகக் குறுக்கே வெட்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு மழையில் மண் உள்ளே போய்விட்டது. மிச்சத்தை இவர்களுடைய டிப்பர்களே தோண்டின. முழங்கால் ஆழப் பள்ளம். யாரோ அதில் வேலிக்கருவைக் கிளையை நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள்.

எதிரே டிவிஎஸ் எக்ஸெலில் ஒருவர் வந்தார். இருபுறமும் பால் கேன். பள்ளத்தை விலக்கி அவர் நடுச்சாலைக்கு வந்ததை மூக்காண்டி தூரத்திலேயே பார்த்துவிட்டான். பிரேக்கை மிதித்தான். வலப்பக்கச் சக்கரங்கள் பிடித்தன. இடது பிடிக்கவில்லை. முப்பத்தைந்து டன்னும் ஒரே இழுப்பாக வலப்புறம், அந்த மனிதர் வந்துகொண்டிருந்த பக்கமாகவே திரும்பியது. ஸ்டியரிங்கை ஒடித்தான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டான். அதற்கு மேல் ஒரு டிரைவர் செய்வதற்கு எதுவும் கிடையாது.

வண்டி நின்றபோது எக்ஸெல் முன் பம்பருக்கு அடியில் இருந்தது.

இப்படி நேர்ந்தால் ஓடிவிட வேண்டும் என்பது டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். மூக்காண்டி ஓடவில்லை. இறங்கிப் போய் அந்தத் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அந்த மனிதர் எதையோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. பாலும் மண்ணும் கலந்து அவன் கைலியை நனைத்தன. ஊர்க்காரர்கள் வந்து அடித்தபோதும் அந்தத் தலையைக் கீழே வைக்காமல் அடி வாங்கினான்.

இறந்தவர் பெயர் பாண்டிராஜ். மேலக்கரிசல்காரர். இரண்டு பசுமாடு, நாற்பது ஆடு. மனைவி ராஜேஸ்வரி. இதெல்லாம் ஆஸ்பத்திரியில் புருவத்துக்குத் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது அவன் காதில் விழுந்தவை.

முதலாளி காசிராஜன் பத்து மணிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் அப்போதுதான் இட்ட விபூதி. பெஞ்சில் அவனருகில் உட்கார்ந்து தோளில் கை போட்டார்.

"கண்ணசந்துட்டியாலே?"

"இல்ல அண்ணாச்சி. பிரேக் பிடிக்கல."

"கண்ணசந்துட்ட," என்றார் அவர், இந்த முறை கேட்காமல். "ஏலே, வண்டிக்கு எஃப்.சி. இருக்கு. பேப்பர்ல ஒரு குத்தம் சொல்ல முடியாது. நீ பிரேக்குன்னு சொன்னா யார் நம்புவா? இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுருவான். செத்தவன் பொண்டாட்டிக்குச் சல்லிக்காசு கிடைக்காது. ஒரு குடும்பத்த ஏற்கெனவே கெடுத்தாச்சு. இன்னும் கெடுக்கணுமா?"

மூக்காண்டி தலை நிமிரவில்லை.

"தூங்கிட்டேன்னு சொல்லு. வக்கீல் நம்ம ஆளு. ஜாமீன் இன்னைக்கே கிடைச்சுரும். ஆறு மாசம் போகட்டும், திரும்ப வண்டியில ஏறிக்கோ."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் கிடைக்காது என்ற சொல்தான் அவனைச் சாய்த்தது. அதிகாலையில் கண்ணயர்ந்துவிட்டதாக எழுதியிருந்த வாக்குமூலத் தாளில் கையெழுத்துப் போட்டான். பேனா நன்றாகத்தான் எழுதியது.

ஜாமீனில் வீட்டுக்கு வந்தவன் எட்டு நாள் வாசல்பக்கம் போகவில்லை. மனைவி கோமதித்தாய் சோற்றை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்காருவாள். அவன் பிசைவான், எழுந்துவிடுவான். "தூங்கினவன்" என்று தெருவில் யாரோ சொன்னது அவளுக்கும் கேட்டிருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் சுட்டது.

ஒன்பதாம் நாள் மாலை இர்ஷாத் வந்தான். கடையநல்லூர்க்காரன். சவூதியில் ஏழு வருஷம் டிரெய்லர் ஓட்டிவிட்டு வந்து கிரஷரில் சேர்ந்தவன். வந்ததும் மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினான்.

"இதப் படிச்சுப் பாருங்கண்ணே. வாற திங்கக்கிழமையிலிருந்து டிரைவர் எல்லாரும் லோடு ஏத்துமுன்ன இதுல கையெழுத்துப் போடணுமாம்."

வண்டியின் பிரேக், டயர், விளக்கு அனைத்தும் நல்ல நிலையில் இருப்பதாகவும், விபத்து நேர்ந்தால் முழுப்பொறுப்பும் டிரைவருடையது என்றும் அதில் அச்சடித்திருந்தது.

"நாங்க முடியாதுன்னு சொன்னோம். சாம்ராஜ் என்ன சொல்லுதாரு தெரியுமா? 'மூக்காண்டியே தூங்கிட்டேன்னு ஒத்துக்கிட்டான். வண்டில என்ன கோளாறு'ங்காரு." இர்ஷாத் சற்று நிறுத்தினான். "நீங்க தூங்கினீங்களா அண்ணே?"

மூக்காண்டி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இல்ல வே," என்றான். பிறகு முதலாளி சொன்னது, தான் கையெழுத்துப் போட்டது எல்லாவற்றையும் சொன்னான். "அந்தப் பொம்பளைக்குக் கிடைக்கதும் போயிரும்னாரு. அதான்."

"பொய்யி. சாம்ராஜ் இதையேதான் எங்கட்டயும் சொன்னாரு, லிங்கேஷ் யூனியன் வக்கீல்ட்ட கேட்டுட்டான். நீங்க உண்மையச் சொன்னாலும் அந்தக் குடும்பத்துக்கு வரவேண்டியது வந்தே தீரும். கைக்காசு போறது அண்ணாச்சிக்குத்தான், இன்சூரன்ஸ்காரன் அவருட்டதான் வசூல் பண்ணுவான்."

அடுப்படியிலிருந்து கோமதித்தாய் வெளியே வந்தாள். எட்டு நாளுக்குப் பிறகு முதன்முதலாகப் புருஷனிடம் நேராகப் பேசினாள். "அப்ப அவ வீட்டுக்குப் போயி முதல்ல அதச் சொல்லுங்க. நானும் வாரேன்."

மறுநாள் மூன்று பேரும் மேலக்கரிசலுக்குப் போனார்கள். ஊர் வாயில் நுழைந்ததுமே ஆட்கள் கூடிவிட்டார்கள். அவனை அடித்த முகங்களும் அதில் இருந்தன. ஒருவன் மூக்காண்டியின் சட்டையைப் பிடித்தான். இர்ஷாத் குறுக்கே வந்தான். மூக்காண்டி இர்ஷாதை விலக்கிவிட்டு, "அடிக்கணும்னா அடிங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்," என்றான்.

ராஜேஸ்வரி ஆட்டுக்கிடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் அகத்திக் கட்டு.

"நான் தூங்கல," என்றான் மூக்காண்டி. "பிரேக் இல்ல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வண்டிய எடுத்தேன்."

ராஜேஸ்வரி கட்டைக் கீழே போட்டாள்.

"தெரிஞ்சா எடுத்த?"

"ஆமா."

"ஏன் எடுத்த?"

எடுக்காதவனை மரத்தடியில் உட்காரவைத்ததை அவன் சொன்னான். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவனுக்குத் தெரிந்தது. நிறுத்திக்கொண்டான்.

ராஜேஸ்வரி கீழே கிடந்த அகத்தியை ஆடுகளின் பக்கம் தள்ளிவிட்டாள். "அந்தக் குழியில முள்ளு நட்டது எங்க வீட்டுக்காரவதான். மூணு மனு கொடுத்தாவ. ஒவ்வொரு ஆபீஸ்லயும் ரோடு எங்களுக்குப் பாத்தியம் இல்லன்னாங்க. உங்க லாரியெல்லாம் போறத எண்ணி நோட்டுல எழுதிகூட வெச்சாவ." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உன்ன மன்னிக்கதுக்கு எனக்கு மனசு கிடையாது. அது வேற. ஆனா இப்ப இங்கன சொன்னியே, இத கிரஷருக்கு வந்து, உன் முதலாளி மூஞ்சிக்கு நேரா சொல்லுவியா?"

"சொல்லுதேன்."

"கேஸு இன்னும் பெருசா உன் தலையில விழும்."

"விழட்டும்."

இரண்டு நாள் கழித்து, விடிகிற நேரத்தில் கிரஷரில் பெல்ட் ஓடியது, லோடு ஏறவில்லை. பதினொரு டிப்பர்களும் வரிசையாக நின்றன. பதினொரு சாவியும் எடைமேடையின் ஜன்னல் திட்டில் கிடந்தன. லிங்கேஷ் வேப்பமரத்தடியை விட்டு வந்து மற்றவர்களோடு நின்றான். மேலக்கரிசலிலிருந்து முப்பது பேருக்கு மேல் இரவோடிரவாக நடந்தே வந்து கிரஷர் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள், பாதிக்குமேல் பெண்கள்.

காசிராஜன் காரை விட்டு இறங்கிச் சாவிகளைப் பார்த்தார். பெல்ட்டை நிறுத்தச் சொன்னார். திடீரென்று எங்கும் அமைதி. அந்த இடத்தில் மனிதக் குரல் இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று டிரைவர்கள் அன்றைக்குத்தான் கண்டார்கள்.

"என்னலே வேணும் உங்களுக்கு?"

"பிரேக் வேணும் அண்ணாச்சி," என்றான் இர்ஷாத். "டயர் வேணும். சீட்டுல உள்ள எடைக்கு மேல ஒரு கல்லு ஏத்தக்கூடாது. கோளாறு சொன்ன வண்டி சரியாகாம வெளிய போகக்கூடாது. அந்தத் தாளக் கிழிக்கணும்."

"நாளைக்கே வடக்க இருந்து இருபது டிரைவர இறக்குவேன். தெரியும்ல?"

"இறக்குங்க. அவனுவளுக்கும் இதே பிரேக்குதான? அவனுவட்டயும் சொல்லுவோம்."

காசிராஜனின் பார்வை மூக்காண்டியிடம் வந்தது. "நீயுமாலே? ஜாமீன் யார் எடுத்ததுன்னு மறந்துட்டியா?"

மூக்காண்டி முன்னால் வந்தான். வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னான். "நான் தூங்கல அண்ணாச்சி. பிரேக் இல்லன்னு மூணு நாள் சொன்னேன். நீங்க ஓட்டச் சொன்னீங்க, நான் ஓட்டினேன். ரெண்டு பேரும் சேந்துதான் அவர கொன்னோம். இதத்தான் கோர்ட்லயும் சொல்லப்போறேன்."

"ஜெயிலுக்குப் போவ."

"போறேன். சாட்சிக்கூண்டுக்கு நீங்களும் வரணும்."

காசிராஜன் சாம்ராஜைத் திரும்பிப் பார்த்தார். "இவன் எப்பல சொன்னான்?"

சாம்ராஜ் தரையைப் பார்த்தான். அவனுக்கும் பிள்ளைகுட்டி உண்டு. "சொன்னான் அண்ணாச்சி," என்றான், கேட்டும் கேட்காமலும். "நான் உங்களுக்குப் போன்ல சொன்னேன்."

காசிராஜன் காரில் ஏறினார். கதவு அறைந்து மூடியது. யாருக்கோ போன் போட்டபடியே போனார். போலீஸ் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். நாளைக்கு வேலை இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. டிரைவர்கள் ஒவ்வொருவராக வாசலுக்குப் போய் ஊர்க்காரர்களோடு தரையில் உட்கார்ந்தார்கள். பிரேக், பாரம், பள்ளம் எல்லாம் சேர்த்துக் கோட்டாட்சியர் ஆபீஸுக்கு எழுதிய மனு கைமாறிக் கைமாறிப் போயிற்று. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு லிங்கேஷ் மைப்பெட்டியை நீட்டினான்.

மூக்காண்டி மட்டும் நின்றுகொண்டிருந்தான். அந்தக் கூட்டத்தில் தனக்கு இடம் உண்டா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ராஜேஸ்வரி அவனைப் பார்க்கவில்லை. மனு அவள் கைக்கு வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்து, தன் பெயரை மெதுவாக எழுதினாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து, பக்கத்துத் தரையில் கிடந்த ஜல்லிகளைக் கையால் ஒதுக்கினாள்.

அவன் போய் அங்கே உட்கார்ந்தான். அவள் தாளை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். ரோட்டின் வளைவில் போலீஸ் ஜீப் வருகிற சத்தம் கேட்டது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.