வாயுத் தொட்டியில் வளைந்த பிளேடு

துறைமுகச் சாலையிலிருந்த ஒரு ரசாயன ஆலையில் ஜெபசுதா பொறியாளராக இருந்தாள். உப்புக் கரைசலைக் கலக்கும் தொட்டியில் தட்டைப் பிளேடுகளைக் கழற்றிவிட்டு வளைந்த பிளேடுகளை மாட்டச் சொன்னது அவள்தான். தட்டைப் பிளேடு தண்ணீரை அறையும்; மோட்டாரின் பலம் அதிலேயே வீணாகும். வளைந்தது அறையாமல் வழுக்கிக் கீழே தள்ளும். மின்சாரச் செலவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மேனேஜர் டேவிட்சன் சென்னைக்குப் போய் அதற்கு ஒரு விருது வாங்கிவந்தார்.

அடுத்த பராமரிப்பின்போது, அமிலத்துக்குள் அம்மோனியா வாயுவைச் செலுத்திக் கரைக்கும் தொட்டிக்கும் அதையே மாட்டச் சொன்னார்.

"அங்கன வேண்டாம் சார்," என்றாள் ஜெபசுதா. "அடியிலேர்ந்து வாயு வருது. அதை அடிச்சு நுணுக்கினாத்தான் அமிலத்துல கரையும். அதுக்குத் தட்டைப் பிளேடுதான் வேணும்."

"நீ கொண்டாந்ததை நீயே வேண்டாங்கியா? கரண்டு குறையுமா, குறையாதா?"

"குறையும் சார். ஆனா..."

"பொறவென்ன?"

சாத்தான்குளத்தில் ஒரு கல்யாணத்துக்காக அவள் விடுப்பில் போயிருந்தபோது மாட்டிவிட்டார்கள். திரும்பி வந்த காலையில் டேவிட்சன் அவளைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டு மீட்டரைக் காட்டினார்.

"பாத்தியா? உன் உப்புத் தொட்டியை விடக் கம்மி!"

அவள் குனிந்து மீட்டரை மறுபடி பார்த்தாள். அவ்வளவு குறைய வழியே இல்லை. வாயு பிளேடைச் சூழ்ந்துகொண்டிருக்கிறது; பிளேடு திரவத்தைத் தொடாமல் சும்மா சுற்றுகிறது. வேலையே செய்யாத மோட்டாருக்கு மின்சாரம் எதற்கு? கரையாத அம்மோனியா நேரே மேலே ஏறிக்கொண்டிருக்கும்.

"வாயு வால்வை மூடுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

மேல்தளத்தில் ஆபரேட்டர் சுடலைக்கண்ணன் பரிசோதனைக்குக் கொஞ்சம் திரவம் எடுக்கத் தொட்டியின் மூடியைத் திறந்திருந்தார். முகத்தைப் பொத்தியபடி படியில் தடுமாறி இறங்கினார். ஜெபசுதா, இடுக்கு வழியாக வாயு புகுந்திருந்த அவர் பாதுகாப்புக் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குழாயடியில் உட்காரவைத்துக் கண்ணில் தண்ணீரை விட்டுக்கொண்டேயிருந்தாள். வலது கண் போய்விட்டது. இடதில் வெறும் நிழல்தான்.

ஆபரேட்டர் கண்ணாடி அணியவில்லை என்று விசாரணையை முடிக்கப் பார்த்தார்கள். "அதைக் கழட்டினதே நான்தான்," என்றாள் ஜெபசுதா. பிளேடைப் பற்றியும் சொன்னாள்.

"அந்த பிளேடை இங்க கொண்டுவந்தது யாரு?" என்று கேட்டார் தலைமையகத்து அதிகாரி.

"நான்தான். ஆனா இந்தத் தொட்டிக்கு வேண்டாம்னு சாரிட்ட சொன்னேன்."

"எனக்கு ஞாபகமில்லை," என்றார் டேவிட்சன். கண்ணாடி அணியாததே காரணம் என்று அறிக்கை வந்தது.

அந்த வாரமே தட்டைப் பிளேடு திரும்ப ஏறியது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிறன்று அவள் சுடலைக்கண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி முத்துக்கனி வாசலிலேயே நிறுத்தினாள்.

"பிளேடு மாத்துனது நீங்கதானாம்லா?"

உப்புக்கு எது, வாயுவுக்கு எது என்று ஜெபசுதா சொல்லத் தொடங்கினாள். முத்துக்கனி இடைமறித்தாள்.

"எனக்கு அதெல்லாம் விளங்காது. அவுக உள்ளதான் கெடக்காவ. அவுககிட்ட போயி சொல்லுங்க."

கட்டிலில் கிடந்தவர் காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினார்.

"ஜெபசுதா வந்திருக்கேன் அண்ணாச்சி."

"மேடமா? நான் கண்ணாடி போடலைன்னு சொல்லுதாவளாம். போட்டிருந்தேம்லா? நீங்க சொல்லலியா?"

"சொன்னேன் அண்ணாச்சி. யாரும் எழுதிக்கிடலை."

"எழுதாத பேச்சு என்னத்துக்கு மேடம்?" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.