இரண்டாவது சாம்பிள்

"ரொம்ப நல்ல டேட்டாம்மா" என்றார் என் ப்ராஜெக்ட் கைடு பிரபாகரன் சார். அவர் கையில் இருந்த தாளில் என் அம்மாவின் ரத்தம் எண்ணாக இருந்தது.

மதுரையில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். ப்ராஜெக்டுக்கு ஏலத்தோட்டப் பெண்களின் ரத்தம் வேண்டும் என்றதும் அம்மாதான் முதலில் கையை நீட்டினாள்.

நரம்பு தசைக்குச் சொல்லும் சேதியை, சொல்லி முடிந்ததும் துடைத்துவிட ஒரு நொதி இருக்கிறது. பூச்சிமருந்து அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். துடைக்க ஆளில்லாமல் தசை துடித்துக்கொண்டே கிடக்கும். நாளானால் மருந்தைப் பிரிக்கவே முடியாது. உடம்பு புதுநொதி செய்தால்தான் உண்டு. நொதி நன்றாக இருந்தால் சோதனைக் குழாய் மளமளவென்று மஞ்சளாகும். என் வகுப்புப் பெண்களுடையது ஆனது. அம்மாவுடையது வெளிறிப்போய் நின்றது. இத்தனைக்கும் இந்த சீசனில் இன்னும் மருந்தே அடிக்கவில்லை.

"அடுத்த வாரம் மருந்தடிப்புன்னு சொன்னேல்ல? முடிஞ்சதும் இன்னொரு சாம்பிள் எடுத்துட்டு வா. இன்னும் எறங்கியிருந்தா பேப்பரே போடலாம்."

"சரி சார்" என்றேன். அப்படிச் சொன்னதற்காகப் போடி வரும்வரை ரயிலில் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அம்மா குஷியாக இருந்தாள். "கங்காணிட்டச் சொல்லி மருந்து கலக்குற சோலிய வாங்கிட்டேன்டி. உனக்கு மருந்து நல்லா ஏறுன ரெத்தம்தான வேணும்?"

"உனக்கென்ன கிறுக்கா? ஒரு ரெத்தமும் வேணாம். ஒரு மாசம் மல ஏறாத. உன் கை நடுங்குறது வயசால இல்லம்மா."

"நின்னா ஒச்சப்பன் என் எடத்துல வேற ஆள ஏத்திருவான். நாலு எழுத்துப் படிச்சிட்டு எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா."

காலை ஐந்தரைக்கு ஜீப்பு வந்தது. எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினைந்து பெண்கள். முன்சீட்டில் கங்காணி ஒச்சப்பன். அம்மா தூக்குவாளியோடு வருவதற்குள் நான் போய் அவரிடம் நின்றேன்.

"மாமா, அம்மாவுக்கு ஒடம்புக்கு முடியல. ஒரு மாசம் லீவு குடுங்க. எடத்த விட்றாதீங்க."

"லீவா? இது என்ன தாலுகா ஆபீசா? பதில் ஆள் அனுப்பு, எடம் இருக்கும்."

"அப்ப நான் வர்றேன்" என்று ஏறிவிட்டேன்.

உள்ளே ஒரே சிரிப்பு. "அடியே, மருந்து டப்பாவுல இருக்க இங்கிலீசப் படிச்சுக் காட்டவா வர்ற?" என்றாள் செல்லத்தாய் அத்தை. நான் சிரிக்கவில்லை. போவதாகத்தான் ஏறினேன்.

அம்மா ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "எறங்குடி! அந்தத் தண்ணி மேல பட்டா எச்சி ஊத்தும், கண்ணு மங்கும், கொடலப் பெரட்டிட்டு வாந்தி வரும், கெண்டச்சதை தானா துடிக்கும். உனக்கென்னடி தெரியும்!"

மூன்றாவது செமஸ்டரில் நான் மனப்பாடம் பண்ணிய நச்சு அறிகுறிகளை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

"எல்லாம் தெரிஞ்சேவா இத்தன வருசம் போன?"

அவள் இன்னொரு கையாலும் பிடித்தாள். இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் ரோட்டில் விழுந்தோம். தூக்குவாளி உருண்டு கஞ்சி கொட்டியது.

"ஆத்தாளும் வேணாம், மகளும் வேணாம். விடுறா வண்டிய" என்றார் ஒச்சப்பன். ஜீப்பு முந்தல் மலைரோட்டுப் பக்கம் போய்விட்டது.

"போச்சா? இப்பக் குளுகுளுன்னு இருக்கா?" என்றாள் அம்மா.

முழங்கை சிராய்த்து எரிந்தது. எழுந்து நின்று, இரண்டாவது சாம்பிள் கிடையாது என்று சாருக்குச் செய்தி அனுப்பினேன். ஏன் என்று உடனே கேட்டார். நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதற்குள் போனைக் காதில் வைத்து, தேவாரம் ஊரிலிருந்து மலைக்குப் போகும் ஜீப்பில் இடம் இருக்கிறதா என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அதுலயும் ஏறுவேன்" என்றேன்.

"ஏறித்தான் பாரேன்" என்றாள், போனைக் கையால் பொத்திக்கொண்டு.