அவளிடமே கேட்டாள்

எக்ஸ்ரே படிப்பில் இரண்டாம் வருஷம் வந்ததும் மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். யாருக்கு யார் ஜோடி என்பதை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். பட்டியலைப் பார்த்துவிட்டு ராக்கெட் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். வகுப்பே சிரித்தது. அவனுக்கு ஜோடியாக வந்திருந்தவள் ஆமை.

இரண்டுமே வகுப்பு வைத்த பெயர்கள்தான். ராக்கெட்டுக்குக் கை வேகம். நெஞ்சுப் படம் என்றால் ஆளை நிறுத்தி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, எடுத்து முடித்து, சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைக்க அவனுக்கு மூன்று நிமிஷம் போதும். அதே வேலைக்கு ஆமைக்குப் பத்து நிமிஷம் ஆகும். ஒரு தடவை பதினான்கு நிமிஷம் ஆனதை அவன் வகுப்பு முழுக்கப் பரப்பியிருந்தான். அவளுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. ஆமை என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து என்ன என்று கேட்பாள், அவ்வளவுதான். கேலி செய்கிறவனுக்கு இதைவிடச் சப்பென்று போகிற விஷயம் வேறு இல்லை.

அத்தனை நேரம் அவள் என்னதான் செய்கிறாள் என்று பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் ராக்கெட்டுக்குத் தெரிந்தது. வாசல் வரை போய் ஆளைக் கூட்டிவருவாள். கையைக் கழுவுவாள். தான் மாணவி என்பதையும், என்ன படம் எடுக்கப் போகிறோம் என்பதையும் சொல்வாள். சக்கர நாற்காலியில் வந்தவராக இருந்தால் இரண்டு பக்கமும் பிரேக் போட்டு, நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கச் சொல்வாள். மேஜை சில்லென்று இருக்கும் என்று முன்கூட்டியே எச்சரிப்பாள். கடைசியாக, “நான் இப்போ அந்தக் கண்ணாடிக்குப் பின்னால போறேன். ஆனா உங்களைப் பார்த்துக்கிட்டேதான் இருப்பேன்” என்பாள். ஒருவரிடம் சொன்னதையே அடுத்தவரிடமும், அதற்கடுத்தவரிடமும், முதல் தடவை சொல்வதுபோலவே சொல்வாள். ராக்கெட்டுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வெளியே பெஞ்சில் கூட்டம் சேரச் சேர அவனுக்குக் கால் தரையில் நிற்காது.

முதல் வாரத்திலேயே ஒரு சம்பவம் நடந்தது. ராக்கெட் வாசலில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டான். ஊன்றுகோலோடு ஒரு முதியவர் எழுந்து வந்தார். நீங்கள்தானே என்று கேட்டான், தலையை ஆட்டினார். வலது முட்டிதானே என்றான், அதற்கும் ஆட்டினார். மேஜையில் ஏற்றி முட்டியை நேராக வைத்துக்கொண்டிருந்தபோது ஆமை அவர் முகத்துக்கு நேரே குனிந்து, “ஐயா, உங்க பேரைச் சொல்லுங்க” என்றாள். அவர் காதில் கையைக் குவித்தார். மறுபடி கேட்டாள். அவர் சொன்ன பெயருக்கும் சீட்டில் இருந்த பெயருக்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை. அவருக்கு எடுக்க வேண்டியது மணிக்கட்டு. முட்டிக்கு உரியவர் டீ குடிக்கக் கீழே போயிருந்தார். மூக்கா என்று கேட்டிருந்தாலும் அந்த மனிதர் தலையை ஆட்டியிருப்பார். ராக்கெட் சிரித்துச் சமாளித்தான். காது கேட்காதவர்கள் எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்று அதை அத்தோடு மறந்தும் விட்டான்.

பிறகு வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை. அன்று பெஞ்சு நிறைந்து சுவரோரம் வரை ஆட்கள் நின்றார்கள். பயிற்சிக்குப் பொறுப்பான மேடம் பக்கத்து அறைக்கும் இந்த அறைக்குமாக அலைந்துகொண்டிருந்தார். பட்டனை அழுத்துவதற்கு முன்னால் மாணவர்கள் அவருக்குக் குரல் கொடுக்க வேண்டும். அவர் வந்து சீட்டையும் ஆள் படுத்திருக்கும் விதத்தையும் பார்த்துத் தலையசைத்தால்தான் படம்.

இருபத்துநாலு வயது இருக்கும் ஒரு பெண்ணை அவளுடைய மாமியார் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். துணி துவைத்த வாளியோடு மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் வலி. படி ஈரமாக இருக்கிறது, பார்த்து இறங்கு என்று தான் காலையிலிருந்து சொன்னதையும், அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளாததையும் மாமியாரே முழுக்கச் சொல்லி முடித்தார். மருமகள் வாயைத் திறக்கவில்லை.

ராக்கெட் சீட்டை எடுத்து வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனான். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்ற கேள்வி வந்தபோது அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. இருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா?” என்றார் மாமியார்.

இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டான். கண்ணாடிக்குப் பின்னால் போய் மெஷினில் அளவுகளை வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

ஆமை அந்தப் பெண்ணை மேஜையில் மெல்லப் படுக்க வைத்து, முட்டிக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகினாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பி, படம் எடுக்கும்போது வேறு யாரும் உள்ளே இருக்கக் கூடாது, வெளியே உட்காருங்கள் அம்மா என்றாள். அவர் தயங்கித் தயங்கிப் போனதும் கதவைச் சாத்தினாள். அப்புறமாவது நகர்ந்து வருவாள் என்று பார்த்தால், ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தப் பெண்ணின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள். ராக்கெட் பல்லைக் கடித்தான்.

“இந்தக் கேள்வியைக் கல்யாணம் ஆனவங்க, ஆகாதவங்க எல்லார்கிட்டயும் கேட்போம். நீங்க சொல்றது இங்க வேலை பார்க்கிறவங்களையும் உங்க டாக்டரையும் தாண்டிப் போகாது. உங்களுக்குக் கடைசியா பீரியட்ஸ் எப்போ வந்துச்சு?”

டிக் போட்டாச்சு என்று ராக்கெட் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். ஆமை திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினாள், கொஞ்சம் இரு என்பதுபோல.

அந்தப் பெண் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமையும் பேசவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் இன்னொரு வார்த்தை பேசி அந்த மௌனத்தைக் கெடுத்திருப்பார்கள். ராக்கெட் நிச்சயமாகக் கெடுத்திருப்பான்.

“பன்னெண்டு நாள் தள்ளிப் போயிருக்கு” என்றாள் அந்தப் பெண். மல்லாந்து படுத்திருந்ததால் கண்ணீர் இரண்டு காதுப் பக்கமும் வழிந்தது. “யாருக்கும் தெரியாது. அவர்கிட்டகூடச் சொல்லல.”

அதற்கப்புறம் அவளே சொன்னாள். முன்னால் இரண்டு தடவை தங்காமல் போய்விட்டது. இரண்டு தடவையும் விஷயம் தெரிந்த மறுநாளே மாமியார் சந்தோஷத்தில் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டார். கலைந்த பிறகு அத்தனை பேரும் ஆறுதல் சொல்ல வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் இந்தத் தடவை மூன்று மாதம் முடியும்வரை வாயே திறப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். படியில் விழுந்தபோது முதுகைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. டாக்டரிடம் சொல்லிவிடத் துடித்தாள், ஆனால் மாமியார் ஒரு நொடி விட்டு நகரவில்லை. இங்கே கேட்டபோதும் அவரே முந்திக்கொண்டார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிட்டாள்.

ஆமை அவள் கையில் ஒரு பஞ்சுத் துண்டைக் கொடுத்தாள். வயிற்றில் வலி இருக்கிறதா, ரத்தம் பட்டதா, கால் மரத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதுவும் இல்லை என்று தெரிந்ததும், “சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு. இப்போ படம் எடுக்கப் போறதில்ல. நான் மேடத்தைக் கூப்பிடறேன், நீங்க இப்படியே படுத்திருங்க” என்றாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ராக்கெட் தன் கையைப் பார்த்தான். அது பட்டனுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சட்டென்று எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

மேடம் வந்தார், விஷயத்தைக் கேட்டார், அனுப்பிய டாக்டருக்குப் போன் போட்டார். கால் மரத்துப்போகாததால் படத்துக்கு அவசரம் இல்லை, முதலில் பரிசோதனை செய்து பார்த்துக்கொண்டு பிறகு முடிவு செய்யலாம் என்று டாக்டர் அந்தப் பெண்ணைத் தன்னிடமே திருப்பி அனுப்பச் சொன்னார்.

கதவைத் திறந்ததும் மாமியார் ராக்கெட்டைத்தான் பிடித்துக்கொண்டார். ஏன் தம்பி படம் எடுக்கவில்லை, மெஷின் கெட்டுப்போச்சா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் ஆமை முன்னால் வந்தாள்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கும்மா. டாக்டர் மறுபடி பார்த்துட்டு முடிவு பண்றேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு மேல நான் எதுவும் சொல்லக் கூடாது.”

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சின்னப் பெண் தன்னை வெளியே உட்காரவைத்ததும், இப்போது பதில் சொல்ல மறுப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆமை அந்தப் பார்வையை அப்படியே வாங்கிக்கொண்டாள். பொய்யும் சொல்லவில்லை, அடுத்தவளின் ரகசியத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு வழி இருப்பது ராக்கெட்டுக்கு அன்றுதான் தெரிந்தது.

அவர்கள் போன பிறகு மேடம் சீட்டைக் கையில் எடுத்து, இந்த டிக்கைப் போட்டது யார் என்று கேட்டார். ஆமை மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் வரவில்லை. ராக்கெட் ஓரடி முன்னால் வந்தான்.

“நான்தான் மேடம். மாமியார் சொன்னதை வச்சுப் போட்டுட்டேன்.”

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தப்பாகப் போட்டதை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, தேதியும் கையெழுத்தும் போடச் சொன்னார். நடந்ததை ஒன்று விடாமல் படிவத்தில் எழுத வைத்தார். எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, “அந்த ஒரு படத்தாலேயே குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா நாளைக்கு இதுவும் தங்காமப் போச்சுன்னு வை. அந்தப் படத்தாலதான், நான் வாயைத் திறந்து சொல்லாததாலதான்னு ஆயுசு முழுக்க அவ தன்னையே திட்டிக்கிட்டு இருந்திருப்பா” என்றார்.

மத்தியானம் சாப்பிடும்போது ராக்கெட்டுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் முகத்தில் எதைப் பார்த்துக் கண்டுபிடித்தாய் என்று ஆமையிடம் கேட்டான். மாமியார் பேசியபோது அவள் பார்வை மாறியிருக்க வேண்டும், தான் கவனிக்கத் தவறிய ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

“நான் எதையும் கண்டுபிடிக்கல. எனக்குத் தெரியாது, அதனால கேட்டேன்.”

அவன் நம்பவில்லை. சும்மா அடக்கத்துக்காகச் சொல்லாதே என்றான்.

“முகத்தைப் பார்த்தே விஷயம் தெரிஞ்சுக்கிற அளவுக்கு நான் கெட்டிக்காரி இல்ல” என்று அவள் டப்பாவை மூடினாள். “அப்படித் தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தா, முகத்துல எதுவும் தெரியாத ஆளை என்ன பண்றது? அதான் எல்லார்கிட்டயும் கேட்டுடறேன்.”

நோயாளியிடம் நேரடியாக, தனிமையில் கேட்க வேண்டும் என்று பாடத்தில் இருப்பது ராக்கெட்டுக்கும் தெரியும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு ஐந்து பாயின்ட் எழுதி முழு மார்க் வாங்கியவன் அவன். அவள் நாலு பாயின்ட்தான் எழுதியிருந்தாள். எழுதிய நாலையும் தினம் நாற்பது பேரிடம், கால் வலித்தாலும் பெஞ்சிலிருந்து யார் முணுமுணுத்தாலும், ஒன்றுகூட விடாமல் செய்துகொண்டிருந்தாள். தன்னால் அது ஒரு நாள் முழுக்க முடியுமா என்று யோசித்தான். முடியும் என்று சொல்லிக்கொள்ள அவனுக்குத் துணிவு வரவில்லை.

ஒன்பது நாள் கழித்து அந்த மாமியார் மட்டும் தனியாக வந்தார். அன்றைக்குத் தன்னை வெளியே அனுப்பிய பெண் எங்கே என்று வாசலில் நின்று கேட்டார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து ராக்கெட் குறுக்கே போய் நின்றான், தப்பு என்னுடையது அம்மா என்று சொல்லத் தயாராக. அவர் அவனைத் தாண்டி உள்ளே வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் மருமகளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். முதுகு வலி வெறும் பிடிப்புதானாம், ஓய்வில் சரியாகிவருகிறதாம். குழந்தையும் இதுவரை நன்றாக இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

“அஞ்சு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். என்கிட்ட சொல்ல வாய் வரல. உன்கிட்ட சொல்லியிருக்கா.” அவர் குரலில் கோபம் இல்லை.

ஆமை அவசரப்பட்டு ஆறுதல் சொல்லவில்லை. “நான் யாரோதானேம்மா. அதனால சுலபமாச் சொல்லிட்டாங்க” என்றாள்.

மாமியார் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, இந்தத் தடவை தான் ஒரு ஈ காக்கைக்குக்கூடச் சொல்லவில்லை என்றார். கூடப்பிறந்த தங்கை தினமும் போன் பண்ணுகிறாள், அவளிடம்கூட மழையைப் பற்றித்தான் பேசுகிறாராம். மருமகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் சொல்லாமல் இருந்து இருந்து மண்டை வெடித்துவிடும்போல இருக்கிறது.

“உனக்குத்தான் முன்னாடியே தெரியுமே. உன்கிட்ட பேசினா அவளுக்குக் கொடுத்த வாக்குத் தவறாது இல்ல?” என்றவர் ராக்கெட்டை நிமிர்ந்து பார்த்தார். “தம்பிக்கும் தெரியும்தானே? அப்போ நீயும் உட்காரு.”

ராக்கெட் உட்கார்ந்தான். அன்று வெளியே பெஞ்சு காலியாக இருந்தது. குமட்டல் எப்போது வருகிறது, மருமகளுக்கு எது வாய்க்குப் பிடிக்கிறது, மாடிப்படிக்குக் கைப்பிடி போட ஆள் சொல்லியிருப்பது என்று அவர் மூச்சுவிடாமல் சொல்லித் தீர்த்தார். மேஜையில் படுப்பவர்களைக் கவனிக்கிற அதே கவனத்தோடு ஆமை கேட்டுக்கொண்டிருந்தாள். ராக்கெட் இந்தத் தடவை அவர் முகத்தை மட்டும் அல்ல, அவள் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு வாசல் வரை போன மாமியார் திரும்பி நின்று, அடுத்த வாரமும் வரலாமா என்று கேட்டார்.

“வாங்கம்மா. காலையில கூட்டமா இருக்கும், மத்தியானமா வாங்க” என்றாள் ஆமை.