சுப்பராயன் படகுத்துறைக் கல்

வீரராகவனுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கேட் வரை போவார், தெருமுனையில் கல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார், திரும்புவார். கல் எங்கே போகும்? போன பொங்கலுக்கு அவரே சொந்தச் செலவில் நட்ட கருங்கல். ‘சுப்பராயன் படகுத்துறை இருந்த இடம்’ என்று வெட்டி, பொன் வண்ணம் பூசியிருந்தது. சுப்பராயன் அவருடைய அப்பா.

காட்டுப்பாக்கத்துக்கு மேற்கே ஏரியை ஒட்டிய அந்த இடம் குடியிருப்பாகத் தொடங்கியதே இல்லை. எழுபதுகளில் சுப்பராயன் ஏரியைக் குத்தகைக்கு எடுத்துப் படகு விட்டார். அன்னம் மாதிரி ஒன்று, மற்றதெல்லாம் துடுப்புப் படகு. காணும் பொங்கலன்று பட்டணத்து ஜனம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும். ராட்டினம், வளையல் கடை, சுண்டல் கடை என்று கரை அல்லோலகல்லோலப்படும். பிறகு மழை பொய்த்தது. ஏரி உள்வாங்கியது, படகுகள் சேற்றில் சாய்ந்தன. போக்கிடமில்லாத கடைக்காரர்கள் அங்கேயே குடிசை போட்டார்கள். சுப்பராயன் அவர்களுக்கு மனை பிரித்துக் கொடுத்தார், மிச்சத்தை விற்றார். இன்று மூன்று தெரு, நடுவே அடுக்குமாடிகள். ஷேர் ஆட்டோக்காரர்கள் மட்டும் இன்னமும் ‘போட்டவுஸ், போட்டவுஸ்’ என்றுதான் கூவுகிறார்கள்.

ஐ.டி. கம்பெனிக்குப் போய்வரும் புது ஆட்களோ ஏதோ பில்டர் உண்டாக்கிய நகர் என்று பேசிக்கொண்டார்கள். அந்த அவமானம் பொறுக்காமல்தான் வீரராகவன் கல்லை நட்டார். நுழைவாயிலில் கட்டப்போகும் வளைவுக்கும் அப்பா பெயர்தான் என்று குடியிருப்போர் சங்கத்தில் ஒற்றைக்காலில் நின்றார்.

ஆக்கிரமிப்பு எவ்வளவு என்று பார்க்க இன்றைக்கு அரசாங்கத்திலிருந்து ஏரியை அளக்க வருகிறார்கள். பத்து மணிக்குச் சங்கச் செயலாளர் தினகரன் வந்தார். திருச்சிப் பக்கத்து ஆள், மரியாதை தெரிந்தவர்.

“ஐயா, அந்தக் கல்லை இன்னிக்கு மட்டும் எடுத்துடலாமா?”

“எதுக்கு? திருட்டுக் கல்லா அது?”

தினகரன் தயங்கினார். “படகு தண்ணியிலதானேய்யா ஓடும்?”

வீரராகவன் தெருமுனைப் பக்கம் திரும்பிக் கல்லைப் பார்த்தார். இப்போதைய ஏரிக்கரைக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு தெரு இருந்தது. துறை கல் இருக்கும் இடத்தில் என்றால், அந்த இரண்டு தெருவும் ஏரிக்குள். மேட்டிலிருந்த அவர் வீடு தப்பிக்கும். அந்தத் தெருக்களை மனை போட்டு விற்ற மனிதர் தப்ப மாட்டார். இத்தனை வருஷத்தில் வீரராகவன் இதை யோசித்ததே இல்லை. யோசிக்க மனம் துணியவில்லை என்பதே சரி.

மீன் கூடையோடு வந்த நாகம்மா கேட்டருகே நின்றுவிட்டாள். அந்தக் காலத்துச் சுண்டல் கடைக்காரரின் மகள். வீடு இரண்டாவது தெருவில்.

“இன்னா சின்ன மொதலாளி, கல்லு நட்டு எங்க ஊட்டுக்குக் குழி வெட்டிக்கினு கீறியா?”

“உங்களுக்கு மனை குடுத்ததே எங்க அப்பாதான். நாக்கை அடக்கிப் பேசு.”

“குட்த்தாரு, இல்லேங்கல. அவரு பேர வச்சே புடுங்கப் பாக்குறியே நைனா, அதத்தான் சொல்றேன்.”

வீரராகவன் முற்றத்தில் இரண்டு முறை குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கடைசியில், “எங்க அப்பா பேரை ஒளிச்சு வைக்க விடமாட்டேன்,” என்றார். “வேணும்னா நகர்த்துங்க. இப்ப இருக்கிற கரை மேல நடுங்க.”

தினகரன் முகம் மலர்ந்தது. “அப்போ துறை அங்கேதான் இருந்துச்சுன்னு ஆயிடுமே!”



கடப்பாரை போட்டு நெம்பி, தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கரையில் நட்டார்கள். ஈர சிமென்ட் தெரியாமல் காய்ந்த மண்ணைத் தூவினார்கள். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு அளக்க வந்த பெண் அதிகாரி, வரைபடத்தில் உள்ள எல்லைக் கற்களில் ஒன்றையும் காணாமல் சலித்துப்போய் அந்தக் கல்லருகே வந்து நின்றார்.

“யாருங்க சுப்பராயன்?”

“எங்க அப்பா.”

“நீங்க கண்ணால பார்த்திருக்கீங்களா? துறை இங்கேதானா?”

கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். டிக்கெட் கிழித்தவரே அவர்தான். படகில் ஏறப் பலகை போட்டிருந்த இடத்தில் இப்போது ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது, மூன்றாவது தெருவில்.

“இங்கேதான்,” என்றார். “பலகை போட்டு, கையைப் புடிச்சு ஏத்துவோம். பொம்பளைங்களுக்குத் தனி வரிசை.” கேட்காததையும் சேர்த்தே சொன்னார்.

“ஆமா தாயி,” என்றாள் நாகம்மா. “நான் இங்க குந்திக்கினுதான் சுண்டல் வித்தேன்.”

அதிகாரி எழுதிக்கொண்டார். டேப்பின் ஒரு முனையைக் கல்லில் வைத்து, மறுமுனையைத் தண்ணீரை நோக்கி இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஜீப் கிளம்பியதும் தினகரன் ஓடி வந்து கும்பிட்டார். “ஐயா, வளைவுக்கு உங்க அப்பா பேர்தான். இனிமே ஒருத்தர் எதிர்த்துப் பேசமாட்டாங்க.”

“வேணாம்.”

“நேத்து வரைக்கும் நீங்கதானேய்யா கேட்டீங்க?”

“இப்ப வேணாங்கறேன். எங்க அப்பா பேரு அதுல இருக்கக் கூடாது.”

குரல் உயர்ந்ததில் சுற்றி நின்றவர்களின் சிரிப்பு அடங்கியது. வீரராகவன் கல்லைத் திரும்பிப் பார்க்காமல் கரையோரமாகவே வேகமாக நடந்தார்.

“நைனா, ஊடு இந்தாண்ட கீது!” என்று நாகம்மா பின்னாலிருந்து கத்தினாள். காதில் விழுந்தது. அவர் நிற்கவில்லை.