லோகாம்பாள் ஜாடையில் ஓர் எருமை

1

காரைக்கால் கோவில்பத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். கூடத்தில் சாமி படங்களுக்குச் சரிசமமாக ஓர் எருமையின் படம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வீடு பிடிக்கவில்லை, கதை பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் இளையபெருமாள் பாதிதான் சொன்னார். மீதி என் கைச்சரக்கு.

2

காரைக்காலில் கடற்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு மாலை—

(அடித்துவிட்டேன். காற்றில்லாமலே தொடங்கலாம்.)

1978. தையல்நாயகி, தெருவுக்குத் தையல், ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமையானால் வாட்டர் கலர் டப்பாவோடு தெருவில் இறங்கிவிடுவாள். ஆடு, கோழி, நாய், எது அசையாமல் நின்றாலும் படம்தான். வரைந்ததை உரியவர் வீட்டில் கொடுத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அஜீசுன்னிசா வீட்டு வெள்ளாடு, படமாக, துபாயிலிருந்த அவள் புருஷன் வரை போயிற்று.

"மச்சான் கடுதாசி போட்டிருக்காங்க. ஆட்டைத்தான் விசாரிச்சிருக்காங்க. என்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல!" என்று அஜீசுன்னிசா சிரித்தாள்.

3

வம்பு எதிர்வீட்டு எருமையில் வந்தது. எதிர்வீட்டு லோகாம்பாள் தையலுக்கு உயிர்த்தோழி. காலையில் பாலோடு ஊர்க்கதையும் சேர்த்து அளப்பவள். அவள் புருஷன் இளையபெருமாள், தையல் கொண்டுவந்து கொடுத்த எருமைப் படத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அச்சு அசலா இருக்கு."

"எது அச்சு அசலா இருக்கு?" என்றாள் லோகாம்பாள்.

அவர் கண் மனைவி முகத்துக்கே திரும்பிற்று. அதுதான் பிசகு. அந்தச் சலித்த இமை, ஒரு பக்கம் கோணிய வாய்... தையலுக்கே அப்போதுதான் உறைத்தது.

"எருமையப் பாத்துத்தான் வரைஞ்சேன் லோகு!"

"அப்ப எருமைதான் என்னைப் பாத்து மூஞ்சிய மாத்திக்கிச்சா?"

பால் நின்றது. பேச்சு நின்றது. தையல் வண்ண டப்பாவை மூடிவைத்தாள். ஞாயிறுகள் நீண்டன.

(தெரியாமல்தான் வரைந்தாளா? 'தினம் பார்க்கிற முகம்தானே கையில் வரும்' என்று எழுதிப் பார்த்தேன். வக்காலத்து வாங்குவதுபோல் இருந்தது. கிடக்கட்டும்.)

4

எருமைக்குப் பால் வற்றியது. இளையபெருமாள் அம்பகரத்தூரிலிருந்து மாட்டுத் தரகரைக்* கூட்டிவந்தார். தரகர் கயிற்றை அவிழ்க்கையில் லோகாம்பாள் வாசலுக்கு வந்தாள்.

"கட்டுங்க அத."

"பால் வத்திப்போச்சுடி."

"வத்தட்டும். தெருவே என் மூஞ்சிங்குது. என் மூஞ்சிய மூக்கணாங்கயிறு போட்டு ஊர் ஊரா இழுத்துட்டுப் போகவா?"

தரகர் எருமையைப் பார்த்தார், லோகாம்பாளைப் பார்த்தார், கயிற்றைப் பழையபடி கட்டிவிட்டு நடையைக் கட்டினார்.

எதிர் ஜன்னலில் தையல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லோகாம்பாள் அதைப் பார்த்துவிட்டாள். விடுவிடுவென்று தெருவைத் தாண்டினாள்.

* பெயர் மாரிக்கண்ணு. கதைக்குத் தேவையில்லை, பட்ட பாட்டுக்காகப் போட்டேன்.

5

எழுதிய முதல் முடிவில் லோகாம்பாள் அறைந்தாள். இரண்டாவதில் கட்டிக்கொண்டு அழுதாள். படிக்கையில் எனக்கே பிசுபிசுத்தது, கிழித்துவிட்டேன். இளையபெருமாள் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"ஏண்டி, கொம்ப ஏன் இவ்வளவு சின்னதாப் போட்ட? எனக்கு—"

அங்கேயே நாக்கைக் கடித்துக்கொண்டாளாம். தையல் என்ன சொன்னாள் என்பது அவருக்குக் கேட்கவில்லை. நானும் எழுதிக் களைத்துவிட்டேன். நீங்களே ஒன்று சொல்லுங்கள். பார்த்துச் சொல்லுங்கள், லோகாம்பாள் இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறாள்.